வீட்டிலிருந்து வேலை, ஆனால் கோப்பு வெளியே போகக் கூடாது: லினக்ஸ் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை எப்படிப் பூட்டுவது?

மாம்பலம்_மெய்ப்பு | திங்கள், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் நடத்துகிறோம். ஒன்பது பேர். பத்திரங்கள், கோர்ட்டு ஆவணங்கள், மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவங்கள் என்று வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்கு, தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஏறி, கரண்ட்டும் போய், நாலு நாள் யாராலும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. அப்போது வீட்டுக்குப் போன ஆறு பேர் அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். எனக்கும் ஆட்சேபணை இல்லை, இடம் மிச்சம். ஆனால் கோப்புகள் ஈமெயிலிலும் வாட்ஸப்பிலும் பென்டிரைவிலும் ஊர் சுற்றுகின்றன. எந்தப் பத்திரத்தின் எந்தத் திருத்தம் யாருடைய லேப்டாப்பில் இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினார்: ஆவணங்கள் ஆபீஸ் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்ட பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

ரிச்சி தெருவில் ஒரு பழைய டவர் வாங்கினேன். ஆறு கோர், 32 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ. டெபியன் 12 போட்டு, முழு வட்டையும் குறியாக்கம் செய்து, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும், தூரத்திலிருந்து அதைத் திறக்க எக்ஸ்ஆர்டிபியும் நிறுவினேன். வீட்டில் இருப்பவர்கள் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தே உள்ளே வந்துவிடுகிறார்கள், லிப்ரே ஆபீசில் வேலை ஓடுகிறது, வேகமும் பரவாயில்லை. விண்டோஸ் சர்வர் வாங்கி ஆளுக்கொரு லைசென்ஸ் போடும் வசதி எனக்கு இல்லை என்பதால் எல்லாம் ஓப்பன் சோர்ஸாகவே இருக்கணும்.

பூட்டு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சர்வரில் காப்பி செய்ததை வீட்டு நோட்பேடில் பேஸ்ட் செய்ய முடிகிறது. அவர்களுடைய வீட்டு சி டிரைவ் சர்வருக்குள் தின்கிளையன்ட் டிரைவ்ஸ் என்று ஒரு ஃபோல்டராக வந்து நிற்கிறது, இழுத்துப் போட்டால் கோப்பு வீட்டுக்குப் போய்விடும். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட் 3389ஐத் திறந்து வைத்திருக்கிறேன். நேற்று லாக் கோப்பைத் திறந்தால் ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான லாகின் முயற்சிகள், அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று எங்களிடம் இல்லவே இல்லாத பெயர்களில்.

இதையே பூட்டிக்கொள்ளலாமா, இல்லை எக்ஸ்2கோ, குவாக்கமோலி என்று வேறு ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்றுக்கு மாறணுமா? நான் முழுநேர அட்மின் கிடையாது, மெய்ப்புப் பார்ப்பவன். கமாண்ட் சொன்னால் அடித்துவிடுவேன், ஏன் அடிக்கிறேன் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

•

போர்ட்_நாக்கர் | செவ்வாய், காலை 7.05

முதலில் ரவுட்டரில் 3389ஐ மூடுங்கள். போய் மூடிவிட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மூடியாச்சா? சரி. உங்கள் லாக்கில் இருப்பது உங்களைக் குறிவைத்து வந்த ஆட்கள் இல்லை, இணையம் முழுக்க 3389 எங்கே திறந்திருக்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள். 2019இல் பேசப்பட்ட ப்ளூகீப் ஓட்டை மைக்ரோசாஃப்டின் சேவையில் இருந்தது, உங்கள் எக்ஸ்ஆர்டிபிக்கும் அதற்கும் உறவில்லை, ஆனால் தட்டுகிறவனுக்கு அந்த வித்தியாசம் எதுக்கு? எக்ஸ்ஆர்டிபிக்கும் சொந்தக் கதை உண்டு. அதன் செஸ்மேன் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் மேக்ஸ்லாகின்ரீட்ரை என்று ஒரு வரி இருக்கிறது, நாலு தடவை தப்பாக அடித்தால் வெளியே தள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 0.10க்கு முந்தைய பதிப்புகளில் அது சரியாக வேலை செய்யவில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம் என்று 2024இல் வெளியே வந்தது. ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண் சிவிஇ-2024-39917, தேடிப் பாருங்கள். டெபியன் 12இல் இருப்பது 0.9 வரிசை. பாதுகாப்பு அப்டேட்டைத் தவறாமல் போடுங்கள், ஆனால் அந்த நாலை நம்பித் தூங்காதீர்கள்.

வெளியே இருந்து வருவதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள். 2020இல் வந்த 5.6 கர்னலிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டரில் யுடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்தால் போதும். சாவி இல்லாதவன் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது, ‘யார் நீ’ என்றுகூடக் கேட்காது, அதனால் ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. ஆளுக்கொரு சாவி, லேப்டாப்பும் போனும் என்றால் இரண்டு சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய பகுதியை மட்டும் அழித்தால் முடிந்தது. லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் 3389ஐ வயர்கார்டு இன்டர்ஃபேஸ் வழியாக வந்தால் மட்டும் அனுமதியுங்கள். உங்கள் இணைப்பில் சொந்தமாகப் பொது ஐபி இல்லாமல் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரி வந்தால் வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது, அப்போது சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்று எடுத்து ஆபீஸ் சர்வரே அதைக் கூப்பிடும்படி வைக்கணும், இணைப்பை உயிரோடு வைக்க 25 விநாடிக்கு ஒரு கீப்அலைவோடு. நீங்கள் 3389ஐத் திறந்து தட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம் எக்ஸ்ஆர்டிபிக்குள். எக்ஸ்ஆர்டிபி ஐஎன்ஐயில் சேனல்ஸ் பகுதியில் ஆர்டிபிடிஆர் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், வீட்டு டிரைவ் தெரிவது நின்றுவிடும். இதை வீட்டு லேப்டாப்பில் டிக் எடுக்கச் சொல்லிச் செய்யாதீர்கள், எடுத்த டிக்கை அவர்களே திரும்பப் போட முடியும். செஸ்மேன் ஐஎன்ஐயில் ரெஸ்ட்ரிக்ட்-அவுட்பவுண்ட்-கிளிப்போர்டு என்பதை ஆல் என்று வையுங்கள், அது சர்வரிலிருந்து வெளியே போகும் காப்பி. உள்ளே வருவதற்கு இன்பவுண்ட் என்று தனி வரி, அதில் ஃபைலையும் இமேஜையும் மட்டும் தடுத்து டெக்ஸ்டை விடலாம். ரூட் லாகினை மூடுங்கள். டிஎஸ்யூசர்ஸ் என்ற குரூப்பை உருவாக்கி ஆல்வேஸ்குரூப்செக்கை ட்ரூ ஆக்குங்கள். அந்த வரி ஃபால்ஸாக இருந்து குரூப்பும் இல்லாவிட்டால் கணக்கு உள்ள எல்லோரும் உள்ளே வரலாம் என்று அர்த்தம், நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. தூரத்திலிருந்து கமாண்ட் அடிக்கும் எஸ்எஸ்ஹெச்சில் உங்கள் ஒரு கணக்கை மட்டும் விடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு எல்லோரும் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். கிளிப்போர்டை மூடினீர்கள், டிரைவை மூடினீர்கள். ஆனால் சர்வருக்குள்ளேயே ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது. அதில் ஜிமெயிலைத் திறந்து பத்திரத்தை இணைத்துத் தனக்கே அனுப்பிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். வாட்ஸப் வெப் என்றால் இன்னும் குறைவு. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு மூணு பூட்டு வாங்கிய கதை. உங்கள் ஒப்பந்த வரிக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது: பயனர்களின் கணக்கிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இணையத்துக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் ஸ்க்விட் ப்ராக்சி ஒன்றை வைத்து, அதில் நீங்கள் எழுதிக்கொடுத்த தளங்களை மட்டும் விடுங்கள். அகராதிகள், விக்சனரி, தமிழ் இணையக் கல்விக்கழகத் தளம், அரசிதழ்த் தளம், இப்படி.

என்எஃப்டேபிள்ஸில் மெட்டா எஸ்கேஜிஐடி என்று எழுதினால் எந்தக் குரூப்பின் பாக்கெட் என்று பார்த்துத் தடுக்கும். நான் இதில் ஒரு மாலை முழுக்க முட்டிக்கொண்டேன். விதி சரியாக இருக்கிறது, எண்ணி மட்டும் சுழியத்திலேயே நிற்கிறது, பாக்கெட்டுகள் ஜோராக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. விஷயம் என்னவென்றால் அது பயனரின் முதன்மைக் குரூப்பை மட்டும்தான் பார்க்கும், கூடுதலாகச் சேர்த்த குரூப்புகளைக் கண்டுகொள்ளாது. டெபியனில் கணக்கு உருவாக்கினால் அவரவர் பெயரிலேயே ஒரு முதன்மைக் குரூப் வரும் இல்லையா, அதைத்தான் பார்க்கிறது. கணக்குகளின் முதன்மைக் குரூப்பையே டிஎஸ்யூசர்ஸாக மாற்றியதும் வேலை செய்தது. அதோடு ஒவ்வொருவர் ஹோம் ஃபோல்டரும் 700 அனுமதியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே குரூப்பில் எல்லோரும் இருப்பதால் ஒருவர் கோப்பை மற்றவர் படித்துவிடக் கூடாது. லோக்கல்ஹோஸ்டை அடைத்துவிடாதீர்கள், ஸ்க்விட்டே அங்கேதான் 3128இல் உட்கார்ந்திருக்கும்.

டெஸ்க்டாப்பில் வலது கிளிக்கை எடுப்பது, மெனுவை மறைப்பது எல்லாம் என்னைப் பொறுத்தவரை வீண் வேலை. பயனருக்கு சூடோ (அட்மின் அதிகாரம்) இல்லை, வெளியே வழியில்லை என்றால் மெனுவில் டெர்மினல் இருந்தால்தான் என்ன?

•

டாம்கேட்_பூனை | செவ்வாய், மதியம் 1.40

போர்ட்_நாக்கர் சொன்னதில் வெளியே போகும் வழி பற்றிய பகுதிக்கு என் இரண்டு கையும் தூக்குகிறேன். ஆனால் ஆறு பேர் வீட்டு லேப்டாப்பிலும் வயர்கார்டு போட்டு, சாவி மாற்றி, ‘சார் கனெக்ட் ஆகல’ என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் போனை எடுக்கப்போவது யார்? மெய்ப்புப் பார்ப்பவர்தானே.

குவாக்கமோலி போட்டால் அவர்களுக்கு பிரவுசர் ஒன்றே போதும். உள்ளே அதே எக்ஸ்ஆர்டிபிதான் ஓடும், குவாக்கமோலி நடுவில் நின்று படத்தை பிரவுசருக்கு அனுப்பும். டிஓடிபி எக்ஸ்டென்ஷன் போட்டால் போனில் வரும் ஆறு இலக்க எண்ணும் கேட்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் காப்பி தடை, பேஸ்ட் தடை என்று தனித்தனியே டிக் இருக்கிறது. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற வரலாறும் தானாக இருக்கும், வேண்டுமென்றால் திரையையே பதிவு செய்யலாம்.

டெபியன் 12இல் நிறுவும்போது ஒரு முள் இருக்கிறது. குவாக்கமோலி ஓடுவது டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில். டெபியனில் வருவது டாம்கேட் 10, குவாக்கமோலி 1.5 வரிசை கேட்பது டாம்கேட் 9. பத்தில் தூக்கிப் போட்டால் வெற்றுப் பக்கம்தான் வரும். அதனால் தேவையானதையெல்லாம் தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் போடுவது சுலபம். டாக்கரில் போடும்போது 8080 போர்ட்டை 127.0.0.1க்கு (சர்வருக்குள்) மட்டும் கட்டுங்கள், முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் சான்றிதழும் வையுங்கள். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவிட்டோமே என்று நினைக்காதீர்கள், டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். நான் இதை மூணு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் வேறெதையோ தேடும்போது.

•

போர்ட்_நாக்கர் | செவ்வாய், மாலை 6.15

@டாம்கேட்_பூனை அப்படிச் செய்தால் வெப் போர்ட் 443 உலகத்துக்குத் திறந்திருக்கும், அதற்குப் பின்னால் ஜாவா, டாம்கேட், டேட்டாபேஸ், குவாக்டி என்று நாலு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் அப்டேட் பார்க்கணும். முழுநேர அட்மின் இருக்கும் ஆபீசுக்கு நானே குவாக்கமோலியைத்தான் சொல்வேன். இவரிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும். வயர்கார்டை ஒரு தடவை போட்டுக் கொடுத்தால் அதில் உடைவதற்கு அதிகம் எதுவும் இல்லை.

திரைப் பதிவு பற்றி ஒன்று. பத்திரத்தைப் பாதுகாக்கிறேன் என்று பத்திரம் ஓடும் திரையையே வீடியோவாக வட்டில் சேர்த்து வைத்தால், பாதுகாக்க வேண்டிய பொருள் இரண்டாகிவிடும். உள்நுழைவு லாக் போதும். அதை 180 நாள் வைத்திருங்கள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் உத்தரவில் கேட்பது அவ்வளவு. ஏதாவது அத்துமீறல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறார்கள். ‘எங்களுக்கு எதுக்கு சார், நாங்க ஒன்பது பேர்’ என்று நினைக்க வேண்டாம், நிறுவனங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. சர்வரின் கடிகாரத்தை என்ஐசியின் (தேசியத் தகவலியல் மையம்) என்டிபி நேர சர்வரோடு ஒத்துவைப்பதும் அதில் உண்டு, நேரம் ஒத்துவைக்கும் கிரானி சேவையில் ஒரு வரி வேலை.

•

கீழ்த்தாம்பரம்_பெண் | புதன், காலை 11.10

நான் அட்மின் இல்லை. நீங்கள் பூட்டும் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவள், பன்னிரண்டு வருஷமாக மொழிபெயர்ப்பு. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு சர்வர் வைத்தார்கள். காப்பி பேஸ்ட் இரண்டு பக்கமும் கிடையாது, இணையமே கிடையாது. பல வருஷமாகச் சேர்த்த என் சொற்பட்டியல் என் லேப்டாப்பில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட உள்ளே ஒட்ட முடியாது, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யணும். ‘இன்டெம்னிட்டி’க்கு என்ன போட்டோம் என்று தேட வழியில்லை. என்ன நடந்தது தெரியுமா? ஆளாளுக்குத் திரையைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு ‘இந்த வரிக்கு என்ன போடலாம்’ என்று கேட்க ஆரம்பித்தோம். நானும்தான், மறைக்கவில்லை. பூட்டு வருவதற்கு முன்பாவது கோப்புகள் ஆபீஸ் ஈமெயிலோடு இருந்தன. பூட்டு வந்த பிறகு கட்சிக்காரர் பெயரோடு பத்திரத்தின் பக்கங்கள் எங்கள் ஆறு பேர் போன் கேலரியில், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடந்தன.

அதனால் தயவுசெய்து உள்ளே ஒட்டுவதை விட்டுவிடுங்கள். தள அனுமதிப் பட்டியலை நீங்களே உட்கார்ந்து எழுதாமல், வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வாரம் கொடுத்து, எந்தத் தளம் எல்லாம் தேவைப்பட்டது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்டுக்கொள்ள உள்ளேயே ஒரு சாட் வையுங்கள். இந்த மூன்றும் இருந்தால் போனை எடுக்கும் தேவை பாதிக்கு மேல் குறைந்துவிடும். மீதிக்கு எந்த சாஃப்ட்வேரும் கிடையாது, கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது.

•

மாம்பலம்_மெய்ப்பு | அடுத்த திங்கள், இரவு 10.30

எல்லோருக்கும் பெரிய நன்றி. தாம்பரம் மேடம், உங்கள் பதிவை எங்கள் ஆட்களுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வயர்கார்டு பக்கமே போனேன். ஞாயிறு ஒரே நாளில் ஆறு பேருக்கும் போட்டு முடித்தாச்சு. லாக்கில் இப்போது எங்கள் பெயர்கள் மட்டும்தான். டிரைவ் போய்விட்டது, வெளியே காப்பி போவதில்லை, முதன்மைக் குரூப் விஷயத்தில் அச்சு அசலாக நானும் முட்டி, போர்ட்_நாக்கர் எழுதியதைத் திரும்பப் படித்துத் தப்பித்தேன். ஆனால் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று, தமிழ்99 விசைப்பலகை வரவே மாட்டேன் என்கிறது. தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், ஐபஸ்-எம்17என் எல்லாம் போட்டேன், சர்வர் முன்னால் கீபோர்டு வைத்து நேரடியாக லாகின் செய்தால் தமிழ் வருகிறது. ரிமோட்டில் வந்தால் ஐபஸ் ஐகானே கிடையாது. மொழிபெயர்ப்பு ஆபீசில் தமிழ் அடிக்க முடியாத சர்வர்!

இரண்டு, போரூரில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் எக்ஸ்ஆர்டிபி லாகின் பெட்டி வருகிறது, பாஸ்வேர்டு அடித்ததும் கருப்புத் திரை, அப்படியே நிற்கிறது. மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை.

மூன்றாவது கொஞ்சம் அவமானம். சனிக்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 வரை. பேப்பரில் போட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை. யுபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் வைத்திருந்தேன், ஆனும் ஆனது, ஆகி நேராக வட்டின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு பூட்டிய ஆபீசில் மூன்று மணி நேரம் நின்றது. குரோம்பேட்டையிலிருந்து ரயில் பிடித்து மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டம் பாலத்தில் எதிரே வர, நடந்து போய் ஒரு பாஸ்வேர்டு அடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மழைக்காலத்தில் இது எப்படி?

•

நள்ளிரவு_க்ரான் | செவ்வாய், அதிகாலை 12.50

மூன்றும் தெரிந்த வியாதிதான்.

தமிழ்99: ஒரு ஊகம். ஏதோ ஒரு கட்டுரையைப் பார்த்து எக்ஸ்ஆர்டிபியின் ஸ்டார்ட்டபிள்யூஎம் ஸ்கிரிப்டில் மேலேயே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களா? பாதிக் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டெஸ்க்டாப் வரும், ஆனால் டெபியன் வழக்கமாக ஓட்டும் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஓடாமலே போய்விடும், ஐபஸைக் கிளப்பும் ஐஎம்-கான்ஃபிக் அதற்குள்தான் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸில் எக்ஸ்-செஷன்-மேனேஜரை எக்ஸ்எஃப்சிஇக்கு மாற்றுங்கள், ஒவ்வொருவர் கணக்கிலும் ஐஎம்-கான்ஃபிக்கில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, வீட்டு விண்டோஸில் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கணும். இணைப்பு வழியாக வருவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்தான், தமிழ் எழுத்து இல்லை. அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ் என்று வைத்தால் இரண்டும் குழம்பி ஒன்றும் வராது.

போரூர்: வழக்கமாகக் கருப்புத் திரை என்றால் அதே பெயரில் சர்வரில் நேரடியாக யாரோ லாகின் ஆகியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. லாகின் பெட்டி சின்னப் படம், அது வந்துவிடும், முழு டெஸ்க்டாப் வரும்போது பெரிய பாக்கெட்டுகள் வழியில் எங்கோ தொலைகின்றன. வயர்கார்டு 1420 என்று வைக்கும், அவருடைய இணைப்பு பிபிபிஓஇ (பிராட்பேண்டு லாகின் முறை) மேல் வேறெதையாவது சுமந்துகொண்டிருந்தால் அது அதிகம். அவருடைய கான்ஃபிக்கிலும் சர்வரிலும் 1380 போட்டுப் பாருங்கள்.

மின்தடை: ட்ராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்ஹெச் சர்வரை, வட்டு திறக்கும் முன் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் போட்டு தூரத்திலிருந்தே பாஸ்வேர்டு அடிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த நிலையில் வயர்கார்டு இன்னும் எழுந்திருக்காது, அதற்காக ரவுட்டரில் இன்னொரு ஓட்டை போடணும். உங்களுக்கு நான் சொல்வது வேறு: சிஸ்டத்தைக் குறியாக்கம் இல்லாமல் விடுங்கள், ஹோம் பகுதியை மட்டும் குறியாக்கம் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் சர்வர் முழுசாக எழுந்து, வயர்கார்டும் எழும். நீங்கள் வீட்டிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்ஹெச்சில் வந்து ஹோமைத் திறந்து மவுண்ட் செய்தால் போதும். குறியாக்கத்தைப் பிரித்து எடுப்பதைவிட மறுபடி நிறுவுவது சுலபம், செய்து வைத்த கான்ஃபிக்குகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் விழுந்த பள்ளம்: அட்மின் கணக்கின் ஹோமும் அதே ஹோமுக்குள் இருந்தது. பூட்டியிருக்கும் பெட்டிக்குள் சாவி! எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பு அங்கே இருப்பதால் உள்ளேயே போக முடியவில்லை. அட்மின் ஹோமை வெளியே எங்காவது வையுங்கள். எக்ஸ்ஆர்டிபி சேவையில் ரிக்வயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார் ஹோம் என்று சேருங்கள், அப்போதுதான் ஹோம் திறக்கும் முன் யாரும் வந்து காலி ஃபோல்டரில் வேலை பார்க்க மாட்டார்கள். ராம் நிரம்பினால் வட்டில் எழுதும் ஸ்வாப்பை, சர்வர் ஒவ்வொரு தடவை எழும்போதும் புதுச் சாவியோடு குறியாக்கம் செய்யுங்கள், டெம்ப் ஃபோல்டரை ராமில் வையுங்கள். லிப்ரே ஆபீஸ் தற்காலிகக் கோப்புகளை அங்கேதான் கொட்டும். பிரிண்டர் ஸ்பூலை மறக்காதீர்கள், அச்சுக்குப் போன பத்திரம் அச்சுச் சேவையான கப்ஸின் ஸ்பூலில் குறியாக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும், அதையும் குறியாக்கம் செய்த பகுதிக்கு நகர்த்துங்கள்.

யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி வயர் இருந்தால் யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் என்ற சாஃப்ட்வேரை நிறுவிப் பாருங்கள், பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைக்கும். டவர் தரையில் இருக்கிறதா? மேற்கு மாம்பலம், தரைத்தளம் என்கிறீர்கள். பரணில் ஏற்றுங்கள்.

•

மாம்பலம்_மெய்ப்பு | ஞாயிறு, மாலை 5.45

க்ரான் அண்ணா, ஊகம் சரி. அந்த ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 வரி இரண்டாவது வரியிலேயே இருந்தது, நானே போட்டது. எடுத்ததும் மூலையில் ‘த’ வந்து உட்கார்ந்தது. போரூருக்கு 1380 போட்டதும் சரியாகிவிட்டது. சர்வரை நேற்று மறுபடி நிறுவினேன், அட்மின் ஹோமை வெளியே வைத்தேன், இன்று மதியம் வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டு, தெருமுனை டீக்கடையில் நின்று போனிலிருந்து ஹோமைத் திறந்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. டவர் இப்போது அலமாரியின் மேல் தட்டில், மிக்ஜாம் தண்ணீர் சுவரில் விட்ட கோட்டுக்கு நாலடி மேலே.

தளப் பட்டியலை ஆட்களிடமே கேட்டேன், பதினேழு வந்தது. அதில் ஒன்று கிரிக்கெட் ஸ்கோர். அதையும் விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை மிச்சம். ஒவ்வொருவரும் லாகின் ஆனதும் ‘கலர் மேனேஜ்டு டிவைஸ் உருவாக்க’ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும் என்று ஒரு பெட்டி குதிக்கிறது. கேன்சல் கொடுத்தால் போய்விடுகிறது. ஆனால் ஆறு பேரும் தினமும் எனக்கு போன் செய்து அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கிறார்கள்.

•

நள்ளிரவு_க்ரான் | ஞாயிறு, இரவு 11.55

அது கலர்டி. திரைக்கும் பிரிண்டருக்கும் நிறம் சரிபார்க்கும் சேவை, ரிமோட் செஷன் என்பதால் அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட் அனுமதி கேட்கிறது. பழைய கட்டுரைகளில் பிகேஎல்ஏ என்ற அனுமதிக் கோப்பு ஒன்றை எழுதச் சொல்வார்கள், டெபியன் 12இல் அது அப்படியே எடுபடாது, ரூல்ஸ் கோப்பாக ஜாவாஸ்கிரிப்டில் எழுதணும். நீங்கள் பத்திரம்தானே அடிக்கிறீர்கள், கல்யாண ஆல்பம் இல்லையே? கலர்டி பேக்கேஜையே நீக்கிவிடுங்கள். நீக்கும்போது கூடவே வேறு எதையாவது தூக்குகிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு ஒய் அடிங்க.